மதர்போர்டுக்கு ஐம்பதாயிரமா? ஒரு லாஸ்பேட்டை கேள்விக்குப் பதில்

இந்த வாரம் தனியா நான் மட்டும்தான். விருந்தினர் யாரும் இல்ல. காரணம், ஒரு மெயில். லாஸ்பேட்டையிலிருந்து ஒரு தம்பி அனுப்பியிருக்கார். 23 வயசு, முதல் வேலை, ஒன்றரை வருஷமா சேர்த்த பணம் 2 லட்சத்து 10 ஆயிரம். அதை வச்சு ஒரு கேமிங் பிசி அசெம்பிள் பண்ணணும். மெயிலோட கடைசி வரி இது: "அண்ணா, லிஸ்ட்டைப் பார்த்துட்டு எங்க அப்பா, 'ஒரு போர்டு இந்த விலையா, அதுல பாதி வண்டி வாங்கிடலாமேடா'ன்னு கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியல."

அந்தப் பதிலைத் தேடுறதுதான் இன்னைக்கு எபிசோட்.

முதல்ல அவரோட லிஸ்ட். ரைசன் 7 9800எக்ஸ்3டி பிராசசர். 32 ஜிபி டிடிஆர்5 ராம். எக்ஸ்870இ மதர்போர்டு, சுமார் 52 ஆயிரம். மிச்சக் காசுல ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, 8 ஜிபி மாடல். பகல்ல வேலை, ராத்திரி கேம். அதோட இன்னொண்ணும் எழுதியிருந்தார்: பிளெண்டரும் அன்ரியல் எஞ்சினும் கத்துக்கிட்டு, ரெண்டு வருஷத்துல கேம் ஸ்டூடியோ வேலைக்குப் போகணும்னு. இந்த ஒரு வரியை ஞாபகம் வச்சுக்கங்க. என்னைப் பொறுத்தவரைக்கும் மொத்த லிஸ்ட்டையும் அதுதான் முடிவு பண்ணணும்.

சரி, 52 ஆயிரம் ரூபாய் போர்டுல அப்படி என்ன இருக்கு? பெட்டி மேல பெரிய எழுத்துல போட்டிருக்கிறதுலேர்ந்தே ஆரம்பிப்போம். "18 ஃபேஸ், 110 ஆம்பியர்." இது விஆர்எம்னு சொல்ற பகுதி. பவர் சப்ளையிலிருந்து 12 வோல்ட் வருது. பிராசசருக்கு வேண்டியது சுமார் 1.2 வோல்ட். நடுவுல அதை இறக்கிக் கொடுக்கிற வேலை விஆர்எம்முக்கு. ஒரே ஆள் மூட்டையைத் தூக்காம பத்துப் பேர் பிரிச்சுத் தூக்கினா யாருக்கும் முதுகு வலிக்காது இல்லையா, அதுக்குத்தான் இத்தனை ஃபேஸ். சூடு பிரிஞ்சிடும்.

இப்ப கணக்குப் போடுவோம், எட்டாங்கிளாஸ் கணக்குதான். 9800எக்ஸ்3டி சாக்கெட்டிலிருந்து அதிகபட்சம் எடுக்க ஏஎம்டி வச்சிருக்கிற எல்லை 162 வாட். 1.2ஆல வகுத்தா 135 ஆம்பியர். கேம் ஆடும்போது பெரும்பாலும் அதுல பாதி கூட போகாது. அந்தப் போர்டு கொடுக்கத் தயாரா இருக்கிறது, காகிதத்துல, 18 பெருக்கல் 110, அதாவது 1,980 ஆம்பியர். ஒழுங்கான நடுத்தர பி850 போர்டு ஒண்ணுல 14 ஃபேஸ், 80 ஆம்பியர்னு வச்சுக்கிட்டா, அதுவே 1,120. உங்க வீட்டு ரெண்டு பேருக்கு இட்லி வேணும். ஒருத்தர் 20 பேருக்கு மாவு அரைச்சு வச்சிருக்கார், இன்னொருத்தர் 35 பேருக்கு. ரெண்டாவது ஆளுக்கு ஏன் 30 ஆயிரம் அதிகமா கொடுக்கணும்?

"அண்ணா, நம்ம ஊர் மே மாச வெயில்?" நியாயமான கேள்விதான். 36, 38 டிகிரி, ஏசி இல்லாத மாடி ரூம்னா விஆர்எம் மேல நல்ல ஹீட்சிங்க் வேணும். ஹீட்சிங்க்கே இல்லாத மலிவான ஏ620 போர்டுல 16 கோர் பிராசசரை மாட்டிட்டு நாள் முழுக்க ரெண்டர் போட்டா அது மூச்சு வாங்கும். ஆனா நாம ஒப்பிடுறது 52 ஆயிரத்தையும் 7 ஆயிரத்தையும் இல்ல. 52 ஆயிரத்தையும் 20 ஆயிரத்தையும்.

அடுத்தது லேன். எல்லாரும் குழம்புற இடம் இதுதான், அதனால கொஞ்சம் மெதுவா போறேன். புதுச்சேரிக்காரங்களுக்கு இது ஈஸியா புரியும், ஏன்னா நம்ம ஊரே ஒரு மதர்போர்டு மாதிரிதான் (சிரிப்பு). நேர்நேரா வெட்டிக்கிற தெருக்கள், சுத்தி பூல்வார், நடுவுல பெரிய வாய்க்கால். கடற்கரைப் பக்கம் பிராசசர் உட்கார்ந்திருக்குன்னு வைங்க. அதே கரையில அதுக்கு நேரா போட்ட தெருக்கள் உண்டு. ஏஎம்5 சாக்கெட்ல பிராசசரிலிருந்து 28 பிசிஐஇ லேன் வருது. அதுல 16 கிராஃபிக்ஸ் கார்டுக்கு. 4 முதல் எம்.2 எஸ்எஸ்டிக்கு. இன்னொரு 4 போர்டு தயாரிக்கிறவர் இஷ்டத்துக்கு. கடைசி 4 லேன்தான் வாய்க்கால் மேல இருக்கிற பாலம். அந்தக் கரையில சிப்செட்.

எக்ஸ்870இ போர்டுல என்ன விசேஷம்? அந்தக் கரையில ஒரு சிப்செட்டுக்குப் பதிலா ரெண்டு. நிறைய யுஎஸ்பி, நிறைய எம்.2, சாட்டா எல்லாம் அங்கதான் தொங்குது. ஆனா பாலம் ஒண்ணேதான்! ரெண்டாவது சிப், முதல் சிப்புக்குப் பின்னாடி மாட்டியிருக்கு. ஆக மொத்தம் எல்லா வண்டியும் அதே 4 லேன் பிசிஐஇ 4.0 பாலத்துல, நொடிக்கு சுமார் 8 ஜிபி வேகத்துலதான் கடக்கணும். ஞாயித்துக்கிழமை காந்தி வீதியில சண்டே மார்க்கெட் கடைகளை இன்னும் நூறு போட்டுட்டு, உள்ள வர்ற வழியை மட்டும் அப்படியே விட்டா எப்படி இருக்கும், அப்படி.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. எக்ஸ்870, எக்ஸ்870இ ரெண்டுலயும் யுஎஸ்பி4 கட்டாயம்னு ஏஎம்டி வச்சுது. அதுக்கு லேன் எங்கிருந்து வரும்? அந்த "இஷ்டத்துக்கு" 4 லேன்லேர்ந்துதான் பெரும்பாலும். அதனால சில போர்டுகள்ல ரெண்டாவது வேகமான எம்.2வை நீங்க பயன்படுத்தினா, கிராஃபிக்ஸ் கார்டோட 16 லேன் 8 ஆகிடும். விலை கூடின போர்டுல! மேனுவல்ல ஒரு மூலையில சின்ன எழுத்துல இருக்கும். வாங்குறதுக்கு முன்னாடி மேனுவல் பிடிஎஃப் டவுன்லோட் பண்ணி அந்தப் பக்கத்தைத் தேடிப் படிங்க. நிஜத்துல பிசிஐஇ 5.0ல 8 லேன் கிடைச்சாலே கேம்ல பெரிய வித்தியாசம் வராதுங்கிறது வேற விஷயம். அதை விட வேடிக்கை, நம்ம தம்பி லிஸ்ட்ல இருக்கிற 5060 டிஐ கார்டே 8 லேன் கார்டுதான். எட்டுவழிச் சாலை போட்டு சைக்கிள் ஓட்டுற கதை.

அப்ப யாருக்குத்தான் எக்ஸ்870இ? இருக்காங்க. நாலஞ்சு எஸ்எஸ்டி போட்டு வீடியோ எடிட் பண்றவங்க, கேப்சர் கார்டு, 10 ஜிகாபிட் நெட்வொர்க் கார்டுன்னு ஸ்லாட் ஸ்லாட்டா நிரப்புறவங்க, யுஎஸ்பி4 டாக் வச்சு வேலை பாக்கிறவங்க. ஓவர்கிளாக்கிங் பொழுதுபோக்கா பண்றவங்களும் வாங்கட்டும், அது அவங்க சந்தோஷம். கண்ணாடி கேபினெட்டுக்குள்ள அழகா இருக்கணும்னு வாங்குறவங்களையும் நான் கிண்டல் பண்ணமாட்டேன். அழகுக்குக் காசு கொடுக்கலாம், ஆனா அது அழகுக்குன்னு தெரிஞ்சு கொடுக்கணும். 5 ஜிகாபிட் ஈதர்நெட் போர்ட்டுக்குக் கொடுக்கிறதுல மட்டும் எனக்கு உடன்பாடு இல்ல. வீட்டுல வர்ற இணைப்பு 100, 200 எம்பி. 2.5 ஜிகாபிட்டே அதுக்குப் பத்து மடங்குக்கு மேல.

இப்ப நான் உண்மையிலேயே பேச நினைச்சது. நான் சாப்ட்வேர் ஆளு, அதனால என் கண்ணு அங்கதான் போகும். மதர்போர்டுங்கிறது உலோகமும் பிளாஸ்டிக்கும் மட்டும் இல்ல. அதுக்குள்ள ஒரு ஃபர்ம்வேர் ஓடுது, பயாஸ். நீங்க போர்டு வாங்கும்போது, அதை எழுதுற டீமையும் அஞ்சாறு வருஷத்துக்கு வாங்குறீங்க.

ரெண்டு உதாரணம் சொல்றேன். 2023 ஏப்ரல்ல 7800எக்ஸ்3டி பிராசசர் வந்த சில வாரத்துல, சிப்பும் சாக்கெட்டும் கருகிப்போன படங்கள் வெளிய வந்துச்சு. ராமோட எக்ஸ்போ ப்ரொஃபைலை ஆன் பண்ணினா, சில போர்டுகள் எஸ்ஓசி வோல்டேஜை அளவுக்கு மேல ஏத்திக்கிட்டிருந்தது. ஏஎம்டி அதுக்கு 1.3 வோல்ட்னு உச்சவரம்பு போட்டு புது ஃபர்ம்வேர் கொடுத்தது. விலை கூடின போர்டுகளும் அந்தப் பட்டியல்ல இருந்தது. 18 ஃபேஸ் இருந்தா மட்டும் அதைத் தடுத்திருக்க முடியாது. சரியான நம்பரை எழுதின ஒரு பயாஸ்தான் தடுத்தது.

ரெண்டாவது, இன்டெல் பக்கம். 13ஆம், 14ஆம் தலைமுறை பிராசசர்கள் கேம் நடுவுல கிராஷ் ஆகுதுன்னு புகார் மேல புகார். 2024ல இன்டெல் காரணத்தைச் சொன்னது: பிராசசர் தேவைக்கு மேல வோல்டேஜ் கேட்டு வாங்கி, நாளாவட்டத்துல கெட்டுப்போகுது. ஆகஸ்ட்ல 0x129ங்கிற மைக்ரோகோட் வந்தது, வாரண்டியை ரெண்டு வருஷம் நீட்டினாங்க. இன்டெல் சொன்ன காரணங்கள்ல ஒண்ணு, மதர்போர்டுகள் அவங்க பரிந்துரைச்ச பவர் அளவைத் தாண்டின செட்டிங்கோட வந்ததும்தான். பெஞ்ச்மார்க்ல பக்கத்துக் கடைக்காரனை விட ரெண்டு பாயிண்ட் கூட வரணும்னு, டீஃபால்ட்டாவே கட்டுப்பாட்டை அவிழ்த்து விட்டிருந்தாங்க. அந்த மைக்ரோகோட் உங்க கைக்கு எப்படி வரும்? உங்க போர்டு கம்பெனி புது பயாஸ் போட்டாத்தான்.

நல்ல கதையும் ஒண்ணு இருக்கு. 2017ல வந்த பி350, எக்ஸ்370 போர்டுகள். புது ரைசன் 5000 இதுல ஓடாது, ஏன், அடுத்த தலைமுறை 400 போர்டுலயும் ஓடாதுன்னு 2020 மே மாசம் நிலைமை. ஜனங்க சத்தம் போட்டாங்க, 400க்கு அதே மாசமே ஏஎம்டி இறங்கி வந்தது. 2022ல 300 போர்டுக்கும் வழி திறந்தாங்க. அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி வாங்கின சாதாரண போர்டுல 5800எக்ஸ்3டி, அப்பத்து அதிவேக கேமிங் சிப்கள்ல ஒண்ணு, மாட்ட முடிஞ்சது. காஸ்ட்லி எக்ஸ்370 வச்சிருந்தவங்களும் அதே வருஷம் வரைக்கும்தான் காத்திருந்தாங்க. ஏஎம்5க்கும் 2027 வரையிலும் அதுக்கு மேலயும் ஆதரவு இருக்கும்னு ஏஎம்டி சொல்லியிருக்கு. அதனால போர்டை இப்ப அளவா வாங்கி, மூணு வருஷம் கழிச்சு பிராசசரை மாத்துறதுக்கு நிஜமாவே வாய்ப்பு இருக்கு.

ஆக, நான் போர்டு பார்க்கும்போது முதல்ல போற இடம் அந்தக் கம்பெனியோட சப்போர்ட் பக்கம். இந்த மாடலுக்கு எத்தனை பயாஸ் வந்திருக்கு, கடைசியா எப்ப வந்தது, இதுக்கு முந்தின தலைமுறையில இதே விலைப் போர்டுக்கு இன்னும் அப்டேட் வருதா. பத்து நிமிஷ வேலை. யூடியூப்ல முப்பது நிமிஷ அன்பாக்ஸிங் பார்க்கிறதை விட இது உபயோகம்.

பயாஸ்னு வந்ததால, புதுச்சேரி மாதிரி ஊர்ல இருக்கிறவங்களுக்கு ரெண்டு வசதிக்கு நான் கண்ணை மூடிக்கிட்டு காசு கொடுப்பேன். ஒண்ணு, பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன். 9800எக்ஸ்3டி 2024 நவம்பர்ல வந்த சிப். கடையில ஒரு வருஷம் தூங்கின பி650 போர்டுல பழைய பயாஸ் இருந்தா சிப்பை அடையாளமே தெரியாது, திரை கறுப்பா நிக்கும். இந்த பட்டன் இருந்தா பிராசசரே இல்லாம பென் டிரைவ் வச்சு அப்டேட் பண்ணிடலாம். இல்லாட்டி இன்னொரு பிராசசரைக் கடன் வாங்கணும், அல்லது போர்டைத் தூக்கிட்டு ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு ஈசிஆர்ல 150 கிலோமீட்டர். ரெண்டாவது, டீபக் டிஸ்பிளே. ரெண்டு எழுத்துல எர்ரர் கோட் காட்டும். குறைஞ்சது, சிபியு, ராம், விஜிஏ, பூட்னு நாலு எல்இடியாவது இருக்கணும். ராத்திரி 11 மணிக்கு பிசி ஆன் ஆகலைன்னா, அந்தச் சின்ன லைட்டுதான் உங்க டெக்னீஷியன்.

ராம் பத்தி ஒரே வார்த்தை: ரெண்டு ஸ்டிக். நாலு ஸ்லாட் இருக்கேன்னு நாலும் நிரப்பாதீங்க. டிடிஆர்5ல நாலு மாட்டினா ஏஎம்5 அதிகாரப்பூர்வமா உத்தரவாதம் தர்ற வேகம் 3600க்கு இறங்கிடும். 6000 வேகத்துல ரெண்டு 16 ஜிபி போதும். 2025 கடைசியிலிருந்து ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கிட்டுப் போறதால ராம் விலை எகிறிக் கிடக்கு. மைக்ரான் கம்பெனி, க்ரூஷியல்ங்கிற நம்ம வீட்டு உபயோக பிராண்டையே விட்டு வெளியேறுறதா 2025 டிசம்பர்ல அறிவிச்சது. அதனாலயும் போர்டுல அடங்கின கைதான் நல்லது.

சரி, எங்க வாங்குறது? இந்தக் கேள்வி வாராவாரம் வருது. ஒரு காலத்துல தமிழ்நாட்டுக்காரங்க இங்க வந்து வரி கம்மின்னு சாமான் வாங்கிட்டுப் போனாங்க. 2017 ஜூலை 1 ஜிஎஸ்டி வந்ததோட எலக்ட்ரானிக்ஸ்ல அந்தக் கதை முடிஞ்சது. மதர்போர்டுக்கு இங்கயும் 18 சதவீதம், சென்னையிலயும் 18. பில் இல்லாம குறைச்சுத் தர்றேன்னு யாராவது சொன்னா, அந்தப் பதினெட்டைத் தாண்டி வாரண்டியையும் சேர்த்து விக்கிறீங்கன்னு அர்த்தம்.

அப்புறம் நம்ம ஊருக்கே உரிய ஒரு வழி: "பாரிஸ்ல சித்தப்பா இருக்கார், வரும்போது எடுத்துட்டு வருவார்." சொல்தா குடும்பங்கள்ல பிறந்த பசங்க எத்தனை பேர் இதைக் கேட்டிருக்காங்க! அங்க 20 சதவீதம் வரி. டூரிஸ்ட்டுக்கு ஏர்போர்ட்ல திருப்பித் தர்ற வரி, பிரான்ஸ்லயே குடியிருக்கிற சித்தப்பாவுக்குக் கிடையாது. சட்டப்படி ரெண்டு வருஷ உத்தரவாதம் உண்டு, ஆனா அது அங்க வித்த கடையோட பொறுப்பு. போர்டு செத்தா சித்தப்பாவோட அடுத்த லீவு வரைக்கும் காத்திருக்கணும். சித்தப்பா சாக்லேட் வாங்கிட்டு வரட்டும்.

கடல் பக்கத்துல இருக்கிறவங்களுக்குத் தனியா ஒண்ணு. வைத்திக்குப்பம், குருசுக்குப்பம், வீராம்பட்டினம் பக்கம் வீடுன்னா ஜன்னல் கம்பி எப்படித் துரு பிடிக்குதுன்னு உங்களுக்கே தெரியும். காத்துல வர்ற உப்பு போர்டு மேல தூசியோட படியும். ஈரப்பதம் 75 சதவீதம் தாண்டினா உப்பு காத்திலிருந்தே தண்ணியை உறிஞ்சி ஈரமாகும். நம்ம ஊர்ல ராத்திரியில அது சாதாரணம். போர்டோட மேற்பரப்புல பூச்சு இருக்கு, பிரச்சனை இல்ல. வெளிய தெரியுற பின்கள், சாலிடர் முனைகள், காலி ஸ்லாட்டுகள்தான் பலியாகும். துரு பிடிச்சா வாரண்டி கேட்கிறது ரொம்பக் கஷ்டம், போர்டு 15 ஆயிரமா 50 ஆயிரமான்னு பார்க்கவே மாட்டாங்க. கடல் பார்த்த ஜன்னல்கிட்ட வைக்காதீங்க, ஃபில்டர் இருக்கிற கேபினெட் வாங்குங்க, மாசக் கணக்குல ஆன் பண்ணாம விடாதீங்க. தரையில வைக்காதீங்கன்னு சொல்லவே வேண்டாம். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெங்கல் நம்ம பக்கத்துலயே கரையைக் கடந்து, ஒரே நாள்ல 40 சென்டிமீட்டருக்கு மேல கொட்டினப்ப, ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பக்கம் கீழ்த்தளத்துல இருந்தவங்களைக் கேளுங்க.

இப்ப தம்பியோட லிஸ்ட்டுக்கு வர்றேன். போர்டை சுமார் 20 ஆயிரத்துக்கு இறக்குங்க: பி850 அல்லது நல்ல பி650, ஃப்ளாஷ்பேக் இருக்கணும், விஆர்எம் மேல ஹீட்சிங்க் இருக்கணும், வைஃபை இருக்கணும். மிச்சம் 32 ஆயிரம். அது முழுசும் கிராஃபிக்ஸ் கார்டுக்கு. 8 ஜிபி கார்டுல பிளெண்டர்ல ஒரு பெரிய சீன் திறந்தா மெமரி பத்தாம ரெண்டர் நின்னுடும் இல்ல தவழும். அன்ரியல்லயும் அதே கதி. 5060 டிஐ 16 ஜிபி தாராளமா வரும். கொஞ்சம் பொறுத்து, ரெண்டு மாசச் சம்பளத்துல கொஞ்சம் சேர்த்தா 5070 டிஐ எட்டும், அதுவும் 16 ஜிபி. நடுவுல இருக்கிற 5070ல 12தான், கவனம். நீங்க போக நினைக்கிற வேலைக்கு போர்ட்ஃபோலியோ வேணும். அதை உருவாக்கப் போறது அந்த 16 ஜிபிதான். இன்டர்வியூல யாரும் உங்க சிப்செட் பேரைக் கேட்கமாட்டாங்க.

9800எக்ஸ்3டியையே 7700 ஆக்கினா இன்னும் மிச்சம் ஆகுமேன்னு கேட்கலாம். ஆகும். வேலரண்ட் டோர்னமெண்ட் ஆடுறேன்னு எழுதியிருக்கார், 240 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஏற்கனவே இருக்காம், அதனால அதுல நான் கை வைக்கல. அந்தச் சிப் அவருக்கு நிஜமாவே உழைக்கும்.

அப்பாகிட்ட சொல்லவும் ஒரு பதில் கிடைச்சாச்சு தம்பி: "நீங்க சொன்னது சரிதான்பா, போர்டு விலையைப் பாதிக்கு மேல குறைச்சாச்சு." மிச்சப்பட்டது எங்க போச்சுன்னு கேட்டா, அது உங்க பாடு.

வாங்குற அன்னைக்குக் கடைசியா ஒரு வேலை. ஏஎம்5ல பின் பிராசசர்ல இல்ல, போர்டுல இருக்கு, 1,718 பின். தலைமுடி மாதிரி மெல்லிசு. என் நண்பன் ஒருத்தன் வாங்கின போர்டுல ரெண்டு பின் வளைஞ்சிருந்தது. கடையில "நீங்க மாட்டும்போது வளைச்சுட்டீங்க"ன்னாங்க, அவன்கிட்ட எதிர்த்துக் காட்ட ஒரு படமும் இல்ல. அதனால சீல் உடைக்கிறதிலிருந்து வீடியோ எடுங்க. கடையில வாங்கினா, கவுண்டர்லயே சாக்கெட் மூடியைத் திறக்கச் சொல்லி, போன் டார்ச்சைச் சாய்ச்சுப் பிடிச்சுப் பாருங்க. எல்லா பின்னும் ஒரே திசையில மின்னணும். அந்தக் கறுப்பு பிளாஸ்டிக் மூடியைத் தூக்கிப் போடாம பெட்டியிலயே வையுங்க, வாரண்டிக்கு அனுப்பும்போது அது இல்லாம வாங்கமாட்டாங்க.

அடுத்த வாரம் யுபிஎஸ். உங்க ஏரியாவுல கரண்ட் எப்படி வந்து போகுதுன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க, முத்தியால்பேட்டைக்காரங்க கொஞ்சம் சுருக்கமா.